தூரக்கண்ணி

"சார், இது தப்பா வந்திருக்குதுங்க. மேடா இருக்க வேண்டிய எடம் பள்ளமா இருக்குது."

தர்ஷினி லென்ஸின் விளிம்பைக் கையுறை விரல்களால் பிடித்து, விளக்குக்கு நேரே சாய்த்துக் காட்டினாள். மேலாளர் ரகுநந்தன் அதை வாங்கிப் பார்க்கவில்லை. கையிலிருந்த டீயை உறிஞ்சிவிட்டு, "சரியாத்தான் வந்திருக்கு" என்றார்.

"இல்லீங்க சார். ஓரத்துல சுத்தியும் கடுகு கடுகா மேடு நிக்கோணும். கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலே எனக்குத் தெரியும். இது அம்மைத் தழும்பாட்ட குழி குழியா இருக்குது. ஒரு தட்டு பூராவும் இப்படித்தான். அச்சைத் திருப்பிப் போட்டுட்டாங்களாட்ட இருக்குது."

"அச்சு சரி. ஆர்டரே அப்படித்தான்."

அந்தக் கூடத்தில் அவளைவிடப் பழைய கை கிடையாது. இட்லித் தடிமனில் பளிங்குபோல் உள்ளே வரும் பிசின் வில்லையை முதலில் ஓர் உலோகக் கட்டையில் மெழுகு வைத்து ஒட்டுவார்கள். வைர முனை அதன் முதுகைக் குடைந்து, பவருக்கு வேண்டிய வளைவைக் கொடுக்கும். அப்புறம் பால்போன்ற குழம்பில் நனைத்து நனைத்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சூட்டில் அச்சு வைத்து ஓரத்து வளையத்தைப் பதிப்பார்கள். கடைசியில் ஃபிரேமுக்குத் தக்கபடி விளிம்பை வெட்டுவார்கள். எல்லாம் இயந்திரம் செய்வதுதான். ஆனால் முடிவில் ஓர் ஆள் அதை வாய்க்கு நேரே பிடித்து 'ஹா' என்று ஊத வேண்டும். ஊதினால் லென்ஸ் பனிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் பொறித்திருக்கும் கம்பெனி அடையாளம் அந்தப் பனியில் ஒரு நொடி எழுந்து மறையும். அடையாளம் நேராக நின்றால் லென்ஸும் நேராக இருக்கிறது. ஊதி ஊதியே தர்ஷினியின் உதடு எப்போதும் வெடித்துக் கிடக்கும்.

"நீங்க இதுவரைக்கும் போட்ட வளையம் யாருக்கு?" என்று கேட்டார் ரகுநந்தன்.

"வெளிநாட்டுக் கொழந்தைகளுக்குங்க."

"எதுக்கு?"

"பவர் ஏறாம இருக்கறக்குங்க. ஃபோன் திரையைப் பாத்துப் பாத்து அதுக கண்ணு பின்னால நீண்டுக்கிட்டே போகுதாமா. இந்த வளையம் அதை நிறுத்திப்போடும்."

"எப்படி நிறுத்துது?"

"அது எனக்கெங்கீங்க சார் தெரியும்? போடச் சொன்னீங்க, போட்டேன்."

"கண்ணுக்குள்ள நடுவுல மட்டும் வெளிச்சம் விழறதில்லை, ஓரத்துலயும் விழுது. ஓரத்து வெளிச்சம் கண்ணோட திரைக்கு முன்னாடியே விழுந்துட்டா, போதும்னு கண்ணு நின்னுடும். திரைக்குப் பின்னாடி போய் விழுந்தா, அதை எட்டிப் பிடிக்கறதுக்காக வளரும். மேடு வெச்சா முன்னாடி விழும். பள்ளம் வெச்சா..."

அவர் முடிக்கவில்லை. அவளே முடித்தாள். "பின்னாடி."

"அவ்வளவுதான் விஷயம்."

"கண்ணு வளரோணும்னு யாருங்க சார் கேக்கறாங்க?"

"நம்ம ஸ்கூல் பிள்ளைங்களுக்குத்தான்."

தர்ஷினி லென்ஸைத் தட்டில் வைத்தாள். 

"நெஞ்சுக்குள்ள, மூளைக்குள்ள எல்லாம் வைக்கிற கம்ப்யூட்டர் சில்லு இருக்குல்ல," என்றார் அவர். "அதை மெஷின் செய்யுது. செஞ்சது சரியான்னு இன்னொரு மெஷின் பாக்குது. கொஞ்ச நாள்ல இந்த மெஷின் அந்த மெஷினை ஏமாத்தக் கத்துக்கிச்சு. ஆள் செத்தப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப வாங்கறவன் மனுசக்கண் பாத்த முத்திரை இருந்தாத்தான் தொடுவேங்கறான்."

"பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாப் போச்சுங்க."

"பத்து நிமிஷம் பாக்கலாம். ஷிஃப்ட் பூரா பாத்தா வாந்தி வரும். கண்ணே பூதக்கண்ணாடியா இருந்துட்டா? மைனஸ் இருபது இருக்கறவங்க கண்ணாடியைக் கழட்டிட்டு, மூக்குகிட்ட வெச்சுப் பாக்கட்டும். ஒரு கஷ்டமும் இல்லாம, நூலுக்குள்ள இருக்கற நூல் தெரியும். கடவுள் யாருக்கோ நோயா குடுத்ததை நாம பிள்ளைங்களுக்குப் பொழைப்பா குடுக்கறோம்."

"அப்பறம் ரோட்டுல நடக்கறது எப்படீங்க?"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நடக்கட்டும். அந்தக் கண்ணாடியை நாமதானே செஞ்சு குடுப்போம்? அந்த நம்பர்ல வேற எவனும் செய்ய மாட்டான்."

"வேலையை விட்டுட்டா?"

ரகுநந்தனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "எதுக்கு விடணும்?" என்றார்.

"என்ற புள்ளையும் அந்த ஸ்கூல்லதானுங்க சார்."

"தெரியுமே. அதனாலதான் ஒளிக்காம சொல்றேன். இனிமே உங்க பொண்ணைப் பத்தின கவலையை விட்டுருங்க."

அவர் போனதும் தர்ஷினி மீதித் தட்டை ஊதி முடித்தாள். 

தறிகளெல்லாம் ஆளில்லாமல் ஓடக் கற்றுக்கொண்ட பிறகு, காங்கேயத்துச் சுற்றுவட்டாரத்தில் ஆளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது இந்தக் கம்பெனி ஒன்றுதான். வீடு கொடுத்தது, தண்ணீர் லாரி விட்டது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டி வேளைக்குச் சோறும் போட்டது. தர்ஷினியின் புருஷன் சேலத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தான். அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாமா என்று நினைத்துப் பார்த்தாள். ஊர் நம்பாது என்று அவளுக்குப் பயமில்லை. நம்பிவிட்டு, 'அதனாலென்ன, வேலை கிடைக்குமில்ல' என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம்.

ஆகவே எல்லார் பிள்ளைக்கும் பள்ளம் வைத்தாள். தன் பிள்ளைக்கு மட்டும் வைக்கவில்லை.

அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆதிரைக்குக் கண்ணில் கொஞ்சம் கிட்டப்பார்வை, மைனஸ் ஒன்று. அதற்கான வெறும் லென்ஸை எடுத்துக்கொண்டு, அடையாளம் பொறிக்கிற லேசரால் ஓரத்தில் சுற்றிலும் பொட்டுப் பொட்டாகத் தொட்டு வைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் வளையம் மாதிரியே இருக்கும். கண்ணை ஒன்றும் பண்ணாது. ஒரே மாதிரி கறுப்பு ஃபிரேமில் நூறு ஜோடி கிடக்கிற இடத்தில் தனக்கே மாறிப்போய்விடக் கூடாதென்று, கம்பெனி அடையாளத்துக்குப் பக்கத்தில் நகக்கீறல்போல ஒரு பிறையும் போட்டாள். ஊதினால்தான் தெரியும்.

மகளிடம் கொடுக்கும்போது சொன்னாள்: "இதை ஆருக்கும் கழட்டிக் குடுக்காத. ஆரோடதையும் வாங்கிப் போடாத. கேட்டுச்சா?"

"ஏம்மா?"

"கண்ணு நோவு ஒட்டிக்கும்."

"எல்லாருக்கும் ஒரே கண்ணாடிதானம்மா குடுக்கறாங்க?"

"வாய்க்கு வாய் பேசாத. போடாதன்னா போடாத."

ஆதிரைக்கு அப்போது பன்னிரண்டு வயது. சொன்னதைக் கேட்கிற பிள்ளைதான். ஆனால் எதற்குச் சொல்கிறார்கள் என்று யோசிக்கிற பிள்ளை.

பொங்கல் விடுமுறை கழிந்ததும் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கண் அளப்பார்கள். மைக் வைத்துப் பெயர் வாசிப்பார்கள். பவர் ஏறின பிள்ளைகள் மேடைக்குப் போய் நிற்க, மற்றவர்கள் கை தட்ட வேண்டும். ஏறினவர்களுக்கு அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கூடுதல் பவரில் கண்ணாடி வரும். வளர்கிற பிள்ளைக்குச் சட்டையைத் தளரத் தைப்பதுபோல, 'கண்ணு வளந்து வந்து நெறஞ்சிக்கும்' என்பார் அளக்கிறவர். அதிகம் ஏறினவர்களுக்கு வகுப்பில் முன்பெஞ்சு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரிசிமணியில் எழுதினதைப் படிப்பது, எறும்பின் காலில் மயிர் எண்ணுவது எல்லாம் அவர்கள் விளையாட்டு. தூரத்தில் இருப்பதற்கெல்லாம் அந்தப் பிள்ளைகள் 'மப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மரமும் மப்பு, மாடும் மப்பு.

முதல் வருஷம் ஆதிரை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"எனக்கு ஏறவே இல்லையாம்மா. கடைசி பெஞ்சுல போட்டுட்டாங்க."

தர்ஷினி அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "அதுக்கென்ன இப்ப?" என்றாள்.

"எல்லாரும் தூரக்கண்ணின்னு கூப்படறாங்க. 'ஏ தூரக்கண்ணி, பஸ்ஸு வருதான்னு பாத்துச் சொல்லுடி'ன்னு என்னைய கேட்டுல கொண்டுபோய் நிறுத்தறாங்க. வாத்தியாரே சிரிக்கறாரு."

"பாத்துச் சொல்லு. பஸ் வரும்போது பாக்கத் தெரியறது கேவலமா?"

"பிரகல்யாவுக்கு ஒண்ணரை ஆயிருச்சு. அதுவே கம்மியாம். எனக்கு அதுகூட இல்ல. நான் மக்குன்னு டீச்சர் சொல்றாங்க. ஏம்மா எனக்கு மட்டும் ஏறல?"

"எங்கப்பன் வழிக் கண்ணு. சீக்கிரம் ஏறாது."

"நீ சிரிக்கற."

தர்ஷினிக்கு உண்மையிலேயே சிரிப்புதான் வந்துவிட்டிருந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அழுது முடிச்சிட்டுச் சாப்புட வா. தோசை ஆறிப்போகுது."

அந்த வருஷம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். மகள் அழ அழ அவளுக்கு நிம்மதி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தட்டை மூக்கோடு ஒட்டிச் சோறு தின்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு கணம் கலங்கும். மறுகணம், 'என்றதுக்கு இல்ல' என்று அடங்கிவிடும். வேலையிடத்தில் நாளெல்லாம் ஊதிப் பார்க்கிறவள், வீட்டில் ஒருநாளும் மகளின் கண்ணாடியை வாங்கி ஊதிப் பார்க்கவில்லை.

இரண்டாம் வருஷ அளவு முடிந்த அன்று சாயங்காலம் அடுத்த வீட்டு ஹேமலதா வந்தாள். கம்பெனி கேன்டீனில் சாம்பார் கிளறுபவள். பிரகல்யா அவளுடைய ஒரே மகள், ஆதிரையின் வகுப்புதான். ஹேமலதா வாசலிலேயே நின்று மூக்கைச் சிந்தினாள்.

"என்ற பொழைப்பைப் பாத்தீங்களாக்கா? மத்த புள்ளைக எல்லாத்துக்கும் ஏறிருச்சு. இவளுக்கு அதே ஒண்ணரை. இம்மி நகரல. பள்ளிக்கூடத்துலயே இவ ஒருத்திதான் மிச்சமாமா."

"இவ ஒருத்தி மட்டுமா?" தர்ஷினி கேட்டாள். "ஆதிரையும்தான்—"

"அட, உங்களுக்கு இன்னும் சொல்லலையாக்கா? ஆதிரைக்கு நாலு ஏறிருச்சு! ஒரே வருசத்துல நாலு! அளக்கறவரு ரெண்டு தரம் அளந்து பாத்தாரு. கைதட்டுன சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டுது. நீங்க குடுத்து வெச்சவங்க. போன வருசம் தூரக்கண்ணியா இருந்தது, இந்த வருசம் முன்பெஞ்சு. சில்லு பாக்கற வேலைக்குப் பழக்கற ஹாஸ்டலுக்கே எடுத்துக்கறாங்களாமா."

தர்ஷினி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, மயக்கமா? சந்தோசத்துல அப்படித்தான் ஆகும். உக்காருங்க."

ஹேமலதா போனபிறகு ஆதிரை வந்தாள். கழுத்தில் சந்தன மாலை. யாரோ போட்டு அனுப்பியிருந்தார்கள்.

"கண்ணாடியைக் குடு."

"அம்மா, நான் செலக்ட்—"

"கண்ணாடியைக் குடுங்கறேன்ல!"

வாங்கி, வாய்க்கு நேரே பிடித்து ஊதினாள். பனியில் கம்பெனி அடையாளம் நின்றது. பக்கத்தில் பிறை இல்லை. இன்னொரு தரம் ஊதினாள். இன்னொரு கண்ணையும் ஊதினாள். ஓரத்தைத் தடவினாள். குழி குழியாக விரலில் பட்டது.

"இது ஆருது?"

ஆதிரை கண்ணைச் சுருக்கி அம்மாவின் முகத்தைத் தேடினாள். "பிரகல்யாது."

"எப்பருந்து?"

"போன வருசம் அழுதனல்ல, அதுக்கப்பறம்."

"போடாதன்னு சொன்னனா இல்லையா?"

"நீ சொன்னதனாலதாம்மா போட்டுப் பாத்தேன். எல்லாருக்கும் ஒரே கண்ணாடின்னா எதுக்கு அப்படிச் சொல்லோணும்? பிரகல்யாதைப் போட்டேன். தரை மேல வந்துச்சு, கிறுகிறுன்னு வந்துச்சு. எல்லாரும் மொதல்ல அப்படித்தான் இருக்கும்னு சொல்வாங்க. எனக்கு மட்டும் அது வந்ததே இல்ல. அப்பத்தான் புரிஞ்சுது, நான் மக்கில்ல, என்ற கண்ணாடிதான் மக்குன்னு."

"அவ எப்படிடி மாத்திக்கச் சம்மதிச்சா?"

"அவளுக்கு அவளோடதைப் போட்டா தலைவலி. என்றதைப் போட்டா வலியில்ல. அவளுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்."

தர்ஷினி அவளை அடித்தாள். கன்னத்தில் ஒன்று, தோளில் ஒன்று. ஆதிரைக்கு அடி வருவது தெரியவில்லை. அதனால் அவள் ஒதுங்கவே இல்லை. அதைப் பார்த்ததும் தர்ஷினியின் கை தானாக இறங்கிவிட்டது.

"உன்ற கண்ணைக் காப்பாத்தறக்குத்தான்டி பண்ணினேன். அந்தக் குழி கண்ணை இழுத்து நீட்டிப்போடும். பெருசாகப் பெருசாகக் கண்ணுக்குள்ள திரை கிழியும். நாப்பது வயசுல தடவிக்கிட்டு நடப்ப. தெரிஞ்சுதான் உனக்கு வெறுங்கண்ணாடி செஞ்சேன்."

ஆதிரை மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப மத்தவங்களுக்கு?"

"என்ன மத்தவங்களுக்கு?"

"பிரகல்யா, கோகுல், சஞ்சனா எல்லாத்துக்கும் நீதானம்மா போடற? அதுகளுக்கும் கிழியுமில்ல?"

தர்ஷினி கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். ஆதிரை கேள்வியைக் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் வராததும் தலையை ஆட்டிக்கொண்டு, கையை நீட்டினாள்.

"கண்ணாடியைக் குடும்மா. ஒண்ணுமே தெரியல."

மறுநாள் ரகுநந்தனின் அறைக்குப் போனாள்.

"நீண்ட கண்ணு திரும்பச் சுருங்குமாங்க சார்?"

"சுருங்காது. உயரமா வளந்தவன் குட்டையாவானா?" அவர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. கங்கிராஜுலேஷன்ஸ். உங்க பொண்ணு கண்ணு அருமையான கண்ணு. ஒரு வருஷம் சும்மா இருந்துட்டு ஒரே பாய்ச்சல்."

"நாப்பது வயசுக்கு மேல..."

"நாப்பது வயசுக்கு மேல யாரு கண்ணுங்க நல்லா இருக்கு?" அவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. கேன்டீன் அம்மா பொண்ணு ஒண்ணு மட்டும் தங்கிப்போச்சு. ஆழ வளையம் போட்டா ஒரே வருஷத்துல பிடிச்சிரும். ஆனா அது அச்சுல வராது, லென்ஸ் பிளந்துரும். கையால குடையணும். நம்மகிட்ட அது உங்களுக்குத்தான் வரும்."

"நான் முடியாதுன்னா?"

"விட்டுருவோம். ஒரு பிள்ளைதானே. ஸ்கூலை விட்டு அனுப்பிட்டாப் போச்சு. எங்கியாவது மாடு மேய்க்கட்டும்." அவருக்கு அதில் அக்கறை இல்லை. அது அவர் குரலிலேயே தெரிந்தது. "உங்க இஷ்டம்தான்."

தர்ஷினி எழுந்து வெளியே வந்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஜோடிக் கண், பிரகல்யாவின் கண், தப்பித்திருக்கிறது. தான் செய்த கண்ணாடிதான் அதைத் தப்ப வைத்திருக்கிறது. தெரிந்தே யாருக்காகச் செய்தாளோ அவளுக்கு அது போகவில்லை. வேலை முடிகிறவரை அவள் அதை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தும் அது அப்படியேதான் இருந்தது.

அந்த வாரம் ஹேமலதா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தூக்குப்போசியில் பருப்புப் பாயசம்.

"மேனேஜர் சொன்னாருங்க்கா. உங்க கையாலதான் ஆகுமாமா. கால்ல வேணாலும் விழறேன்."

"அதெல்லாம் எதுக்கு ஹேமா? உக்காரு."

"ஸ்கூலை விட்டு அனுப்பிட்டா நான் எங்கீங்க்கா கொண்டுபோவேன்? எங்க அண்ணன் வீட்டுல சேத்த மாட்டான். இவ ஒரு வேலைக்குப் போயிட்டா நான் கண்ணை மூடிக்குவேன்." சற்றுத் தயங்கினாள். "ஏனுங்க்கா, அதுல கண்ணுக்குக் கெடுதல் ஒண்ணும் இல்லீல்ல?"

சொல்லிவிடுவதற்கு அதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை என்பது தர்ஷினிக்குத் தெரிந்தது. 'கூட்டிக்கிட்டு ஓடிப்போ' என்று இரண்டு வார்த்தை. மாடு மேய்த்தாலும் அந்தப் பிள்ளை மாட்டைப் பார்க்கும். வார்த்தைகள் தொண்டைவரை வந்தும்விட்டன.

பிள்ளைகள் இரண்டும் வாசற்படியில், எதிர்மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

"மலை மேல ஆளுக ஏறுறாங்கடி," என்றாள் பிறைக் கண்ணாடி போட்டிருந்த பிரகல்யா. "ஒருத்தரு பச்சைத் துண்டு கட்டியிருக்காரு. ஒரு நாயும் பின்னாலயே ஏறுது."

"எங்கடி?" என்றாள் ஆதிரை. புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை; பழைய பவர் போதாமல் கண்ணை இடுக்கினாள். "மலையே மப்பாத்தானடி இருக்குது."

"அங்க பாரு. நாய் உக்காந்துருச்சு. காதைச் சொறியுது!" பிரகல்யா கைகொட்டிச் சிரித்தாள். அது கெட்ட சிரிப்பில்லை. நாய் காதைச் சொறிவதைப் பார்த்து ஒரு பிள்ளை சிரிக்கிற சிரிப்புதான்.

ஆதிரை தொடைமேல் கையை வைத்துக்கொண்டு, மலை இருக்கிற திசையில் பார்த்தபடி இருந்தாள். மலைக்குக் கொஞ்சம் தள்ளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்ஷினியின் தொண்டையில் இருந்த வார்த்தைகள் கீழே இறங்கிவிட்டன.

"ஒண்ணும் பண்ணாது ஹேமா," என்றாள். "நாளைக்குக் கூட்டிட்டு வா. நானே அளவெடுக்கறேன்."

மறுநாள் அவள் கண்ணளவை நுணுக்கமாக எடுத்தாள். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே இருக்கும் தூரம், பார்வை லென்ஸில் எந்த இடத்தில் விழுகிறது என்பது, ஃபிரேம் மூக்கில் எவ்வளவு சாய்ந்து உட்காருகிறது என்பது எல்லாம். "கண்ணைச் சிமிட்டாத அம்மிணி, என்ற நெத்தியைப் பாரு" என்றாள். பிரகல்யா பெரிய விழிகளால் அவள் நெற்றியைப் பார்த்தாள்.

வில்லையை அவளே தேர்ந்தெடுத்தாள். குமிழி, கோடு இல்லாதது. கட்டையில் ஒட்டி, கூடுதல் பவருக்கு முதுகைக் குடைந்து, மெருகுக் குழம்பில் மற்றதைவிட இருமடங்கு நேரம் வைத்தாள். வளையத்துக்கு அச்சைத் தொடவில்லை. நுனி ஊசியைச் சூடேற்றி, ஓரம் சுற்றிலும் ஒவ்வொரு குழியாகக் குடைந்தாள். ஆழம் ஒரு மயிரிழை கூடினால் பிளந்துவிடும். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா இத்தனை பாடுபடறீங்க?" என்றாள். தர்ஷினி நிமிரவில்லை. முதல் வில்லை பிளந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மேலாளரிடம் ஆகவில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். இன்னொரு வில்லையை எடுத்தாள். அது பிளக்கவில்லை.

தனியாக இருக்கும்போது ஒருமுறை அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்: ஆதிரை அந்த ஹாஸ்டலில் தனியாக இருப்பாள், கூட ஒரு சிநேகிதி வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று கம்பெனி துருவ ஆரம்பித்தால் வம்பு. இந்தப் பிள்ளைக்கும் பிழைப்பு வேண்டும். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் ஊசி குழிக்குள் இறங்கும்போதெல்லாம் அவள் காதில் கேட்டது நாயைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

பிரகல்யாவுக்குக் கண்ணாடியை அவளே போட்டுவிட்டாள். காதுக்குப் பின்னால் ஃபிரேமின் காலைச் சரிபண்ணினாள். பிரகல்யா எழுந்து ஓரடி வைத்து, சுவரைப் பிடித்தாள்.

"பெரியம்மா, தரை மேல வருது."

"பழகிரும் கண்ணு."

"தலை வலிக்குது பெரியம்மா."

"வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். தூங்கறப்ப மட்டும் கழட்டு."

ஹேமலதா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். தடித்த லென்ஸுக்குப் பின்னால் பிள்ளையின் கண்கள் சின்னதாகி, எங்கேயோ ஆழத்தில் போய்க் கிடந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தர்ஷினியின் வெடித்த உதட்டையும், ஊசி சுட்ட விரல்களையும் பார்த்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கோணும்க்கா. பெத்த புள்ளைக்குச் செய்யறாப்புல செஞ்சு குடுத்திருக்கீங்க."

"என்ற புள்ளைக்குச் செஞ்சதைவிட இது நல்லா வந்திருக்குது ஹேமா," என்றாள் தர்ஷினி.